ஐ க்ளாரிட்டி

வைரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் வைரப் பரிசோதனை லேப் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் சுக்குத் தூசி எப்படியாவது ஏறி வந்துவிடும். ஒரு தூசி கல்லின் மேல் உட்கார்ந்தால் போதும், பத்து மடங்கு லென்ஸில் பெரிய குற்றம் மாதிரி தெரியும். துடைத்துப் போனால் தூசி, போகவில்லை என்றால் அது கல்லில் இருப்பது. என் வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி, பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது.

என் பெயர் இசக்கிசெல்வி. வீட்டில் பேசுவது தென்காசித் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், வேலையில் எழுதுவது ஆங்கிலம். மூன்றிலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லேப் முதலாளி ராமபத்ரன் சார் சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. கல்லிடம் எனக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமானாலும் உண்டு, அதைக் கொண்டு வருகிற மனிதர்களிடம்தான் கிடையாது. ஒரு மணி நேரம் கதை சொல்வார்கள். கல்லுக்குள் அந்தக் கதை எதுவும் இருக்காது.

உள்ளே ஒன்றுமே இல்லாத வைரத்தைப் பதினொரு வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது இருக்கும். ஊசிமுனைப் புள்ளி, மெல்லிய வெடிப்பு, வெள்ளை மூட்டம், வளரும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு குட்டிப் படிகம். அது எவ்வளவு பெரிது, எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில், என்ன நிறத்தில், கல்லை உடைத்துவிடுமா என்றெல்லாம் பார்த்து ஓர் எழுத்துப் போட வேண்டும். லென்ஸ் வைத்தும் கண்டுபிடிக்கத் திணறினால் விவிஎஸ். கொஞ்சம் தேடினால் கிடைப்பது விஎஸ். லென்ஸை வைத்ததுமே தெரிந்தால் எஸ்ஐ. லென்ஸே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிறது என்றால் ஐ. ஏபிசிடியில் வரும் ஐ. அதுதான் கடைசிப் படி.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நீலாம்பாள் மாமி வந்தாள். அறுபதுக்கு மேல் வயது. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இடுப்பில் செருகியிருந்த சின்னப் பட்டுத்துணியை எடுத்து அவிழ்த்து, உள்ளே இருந்த காகிதப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தாள்.

“கொழந்தே, இதைக் கொறச்சு பார்த்துச் சொல்லு. பதினோரு நாள் ஆத்துல வெச்சுண்டிருந்தேன்.”

அந்தப் பதினோரு நாள் எனக்குப் புதிதில்லை. வைரம் சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது என்று நம்புகிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வியாபாரியிடம் கல்லை வாங்கி வந்து, பட்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். நடுவில் பிரித்துப் பார்க்கக் கூடாது. கெட்டது ஏதாவது நடந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகளும் இதற்குப் பழகிப்போய், ‘வெச்சுப் பாருங்கோ’ என்று அவர்களே சொல்லிக் கொடுத்தனுப்புகிறார்கள். மாமிக்கும் எர்ணாகுளத்தில் ஒரு தெரிந்த வியாபாரி அப்படித்தான் கொடுத்திருந்தார். குறைந்த விலைதான் சொல்லியிருந்தாராம். ஏன் குறைவு என்று கேட்பதை விட்டுவிட்டு, அதையும் ராசிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் மாமி.

“ஒம்பதாம் நாள் ஆத்துக்காரருக்கு ஆஸ்பத்திரி ரிசல்ட் வந்துது. கழுத்துல கட்டி இருந்துதே, அது கேன்சர் இல்லேன்னு. அன்னிக்கே தீர்மானிச்சுட்டேன், இது நேக்குள்ள கல்லாக்கும்னு. ஒத்தைக்கல் மூக்குத்தி பண்ணிப் போட்டுக்கணும். ஆனா குத்தம் இருக்கப்படாது, கேட்டியா? அதுக்காகத்தான் உன்கிட்ட வந்தேன்.”

நான் கல்லைத் துடைத்து, இடுக்கியில் பிடித்து, லென்ஸை வைத்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. நடுவுக்கு வலப்பக்கம் கறுப்பாக ஒரு படிகம். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெடிப்பு. லென்ஸை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன், அந்தக் கறுப்பு அப்போதும் தெரிந்தது. எடை பதினெட்டு சென்ட், அதாவது ஒரு காரட்டில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு. என் நோட்டில் ஒரு வட்டம் போட்டுச் சிவப்பு மையில் இரண்டையும் குறித்துக்கொண்டேன். எல்லாக் கல்லுக்கும் அப்படிக் குறித்து வைப்பது என் வழக்கம்.

முழு அறிக்கை வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்பவர்களுக்கு எந்த எழுத்து என்று மட்டும் சொல்வோம். எழுதித் தரக் கூடாது. அது ராமபத்ரன் சாரின் சட்டம்.

“ஐ க்ளாரிட்டி, மாமி” என்றேன்.

“அதை ஒரு பேப்பர்ல எழுதித் தாயேன். என் நாத்தனார் ஆயிரம் கேள்வி கேப்பா. இங்கிலீஷ் வேண்டாம், மலையாளத்துல எழுது. நேக்கு அதுதான் வாசிக்க சௌகர்யம்.”

வாதாடி அனுப்புவதைவிட எழுதிக் கொடுத்து அனுப்புவது சுலபம். ஒரு துண்டுக் காகிதத்தில் மலையாளத்தில் ‘ஐ க்ளாரிட்டி, 18 சென்ட்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். மாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“சமாதானமாச்சு, கொழந்தே. நீ நன்னா இருக்கணும்.”

ஐ என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. இதென்ன கூத்து என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. மேசையில் இன்னும் நாலு பொட்டலம் காத்திருந்தது. பசி வேறு. நான் அடுத்த கல்லைத் துடைக்க எடுத்துக்கொண்டேன்.

மாமி அந்தக் கல்லையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பஜாரில் இருக்கும் தங்கதுரையின் நகைப் பட்டறைக்குப் போனாள். அங்கே கல் பதிப்பவர் பிச்சை. ஐம்பத்துநாலு வயது. எங்கள் ஊர்ப் பக்கம்தான், மட்டாஞ்சேரிக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பஜாரில் நல்ல கல் என்றால் ‘பிச்சை கையில குடு’ என்பார்கள். அவரும் மூன்று நாளில் மூக்குத்தியை முடித்துக் கொடுத்தார். மாமி மூக்கில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள், கல்யாணங்களுக்குப் போனாள், மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது.

பிறகு நாத்தனார் வந்தாள். வாசல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, “மன்னி, மூக்குத்திக்குள்ள என்ன கறுப்பா இருக்கு?” என்று கேட்டாள்.

மறுநாள் மாமி பட்டறையில் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். ‘லேப்ல பார்த்து எழுதித் தந்த சுத்தமான கல்லைக் குடுத்தேன். கறுப்புக் கல்லை வெச்சுத் தந்துட்டான்’ என்பதுதான் புகார். கல் மாற்றுவது எங்கள் பஜாரில் சாதாரணக் குற்றம் இல்லை. நகையில் தங்கம் கொஞ்சம் குறைந்தால் சண்டை போட்டுவிட்டு மறுபடி அதே பட்டறைக்கு வருவார்கள். கல்லை மாற்றினான் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த ஆளின் கையில் பிறகு யாரும் ஒரு பொடிக் கல்லைக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

தங்கதுரை முதலில் நம்பவில்லை. இருபது வருடம் கூட உட்கார்ந்து வேலை செய்த ஆள். ஆனால் ஒன்று அவர் மனதை உறுத்தியது. அந்த மூக்குத்தியை முடித்துக் கொடுத்த சில நாளிலேயே பிச்சையண்ணன் அவரிடம் வந்து, இனிமேல் வைர வேலை தனக்கு வேண்டாம், மெருகு போடுகிற வேலை இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்போது புரியாதது இப்போது புரிந்துவிட்ட மாதிரி தங்கதுரைக்குப் பட்டது. திருடியவன்தானே அப்படி ஓடப் பார்ப்பான்?

சாயந்திரமே யாரோ ஒருவர் நகைத் தொழில் வாட்ஸாப் குழுவில் பேசிப் போட்டுவிட்டார். பேர் சொல்லவில்லை, ‘தங்கதுரையோட கல்லு வைக்கிற சேட்டன்’ என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பேரையே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் இரண்டு கடைக்காரர்கள் பட்டறைக்கு வந்து தங்கள் கல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் அந்தக் குரல் பதிவு வந்தது. சாயா குடித்துக்கொண்டே கேட்டேன். பிச்சையண்ணனா, என்று ஒரு கணம் வருத்தப்பட்டேன். அந்தக் கல் நான் பார்த்த கல் என்று எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் லேப்புக்கு வந்துவிட்டார்கள். மாமி, தங்கதுரை, அவர்களுக்குப் பின்னால் பிச்சையண்ணன். அவர் உள்ளே வந்து உட்காரவில்லை, கதவோரமாகவே நின்றார். முகம் ஒரே மாதத்தில் வற்றிப்போயிருந்தது.

தங்கதுரைதான் ராமபத்ரன் சாரிடம் விஷயத்தைச் சொன்னார். “சார், மாமி உங்ககிட்ட காட்டின கல்லும் இந்த மூக்குத்தியில இருக்கிற கல்லும் ஒண்ணுதானான்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுதான்னா இவன் நாளைக்கே வந்து உக்காரலாம். மாறியிருக்குன்னா, இந்த பஜார்ல இவனுக்கு இடமில்ல. நானே போலீசுக்குப் போவேன்.”

மாமி மூக்குத்தியை மேசையில் வைத்தாள். பிறகு பர்ஸிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். “இதோ, உங்க லேப்ல எழுதித் தந்தது. கண்ணுக்கு க்ளாரிட்டின்னு தெளிவா எழுதியிருக்கு. இப்போ இதைக் கண்ணால பார்த்தாலே கறுப்பு தெரியறது. அப்போ எப்படி இது அந்தக் கல்லாகும்?”

என் கையெழுத்து.

நகைக்கடைக்காரர்களிடம் ‘ஐ க்ளீன்’ என்று ஒரு சொல் உண்டு. அதில் வரும் ஐ, கண். வெறுங்கண்ணால் பார்த்தால் குற்றம் தெரியாது என்று அர்த்தம். எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் ஒரு தடவை வைரம் விசாரித்தவர்களுக்கெல்லாம் அந்தச் சொல் தெரியும், மாமிக்கும் தெரிந்திருந்தது. நான் எழுதிய ஐ, வெறுங்கண்ணுக்கே குற்றம் தெரியும் என்கிற ஐ. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒன்றுக்கு ஓர் எழுத்து, மற்றதற்கு மூன்று எழுத்து, யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். மலையாளத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ஐதான். தமிழில் எழுதினாலும் அப்படித்தான். நேர் எதிரான இரண்டு அர்த்தத்துக்கு ஒரே எழுத்து. அதை எழுதித் தந்தது மூன்று பாஷையும் தெரிந்த நான்.

ராமபத்ரன் சார் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இசக்கி, ஒரு நிமிஷம்” என்று உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“நீதான் எழுதினியா?”

“ஆமா சார்.”

“எழுதித் தரப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சரி, கல்லு என்ன?”

“கறுப்புப் படிகம் இருந்துச்சு சார். வெறுங்கண்ணுக்கே தெரியும். ஐ. அதைத்தான் எழுதினேன். அவங்க கண்ணுன்னு வாசிச்சிருக்காங்க.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை ராமபத்ரன் சார். எனக்குச் சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. ஆனால் பயந்த மனிதர்.

“இதோ பாரு. நகையில செட் பண்ணின கல்லை க்ரேட் பண்ண முடியாது. தங்கம் மறைக்கும், எடை போட முடியாது. அது உண்மைதானே? நம்ம அறிக்கையிலேயே அச்சடிச்சிருக்கு. அதை மட்டும் வெளியில போய்ச் சொல்லு. ஒரு அட்சரம் பொய் இல்லை. பேப்பரை நான் நைசா திருப்பி வாங்கிண்டுடறேன்.”

“பிச்சையண்ணன்?”

“அது தங்கதுரை பாடு. இந்தப் பேப்பர் வெளியில பேச்சாச்சுன்னா லேப் பேரு போயிடும், இசக்கி. அப்பறம் உன்னை அந்த நாற்காலியில நான் எப்படி வெச்சுக்கறது? நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் பெரிய சங்கடம். நான் பதினொரு வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இதைத்தான். பார்த்ததைச் சொல், மற்றதைச் சொல்லாதே. அந்த வியாழக்கிழமையும் நான் அப்படித்தான் செய்தேன். ஐ என்றேன், அது சரி. ஐ என்று எழுதினேன், அதுவும் சரி. இப்போது செட் பண்ணின கல்லை க்ரேட் பண்ண முடியாது என்று சொன்னால் அதுவும் சரிதான். மூன்று சரிக்கும் சேர்த்து ஒரு மனிதர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. இந்த வேலையை விட்டால் கொச்சியில் எனக்கு வேறு லேப் கிடையாது. ஆளைவிட்டால் போதும் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். என்ன சொல்வேன் என்று அந்த நிமிஷம் எனக்கே நிச்சயமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூக்குத்தியைத் துடைத்தேன். லென்ஸை வைத்தேன்.

முகங்கள் எனக்கு மறந்துபோகும். ஒரு தடவை பார்த்த கல் மறக்காது. நடுவுக்கு வலப்பக்கம் அதே கறுப்புப் படிகம், அதே அளவு, அதே சாய்வு. விளிம்புக்குப் பக்கத்தில் அதே வெடிப்பு. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். கல்லைப் பிடித்திருந்த நான்கு தங்க முனைகளும் வழக்கமான இடத்தில் இல்லை, எல்லாம் ஒரு துளி திரும்பியிருந்தன. எதற்கு என்று முதலில் புரியவில்லை. பிறகு வெடிப்பைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு முனை அழுத்தியிருந்தால் பதிக்கும்போதே கல் விளிம்பில் தெறித்திருக்கும். அந்த வெடிப்பு இரண்டு முனைகளுக்கு நடுவில் பத்திரமாக வரும்படி பிச்சையண்ணன் எல்லாவற்றையும் திருப்பி வைத்திருந்தார். கல்லை மாற்றுகிறவன் மாற்றின கல்லுக்காக இவ்வளவு பாடுபட மாட்டான்.

“அதே கல்தான்” என்றேன்.

சார் பின்னாலிருந்து செருமினார். நான் திரும்பவில்லை. என் நோட்டை எடுத்து, அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, மேசையின் நடுவில் வைத்தேன். தங்கதுரையைக் கூப்பிட்டு, லென்ஸை அவர் கையில் கொடுத்து, வட்டத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் லென்ஸ் பழக்கம்தான். பார்த்துவிட்டு நோட்டில் போட்டிருந்த தேதியைப் பார்த்தார்.

“அப்போ இந்தப் பேப்பர்?” மாமி கேட்டாள்.

“நான் எழுதின ஐ கண் இல்லை, மாமி. ஏபிசிடியில வர்ற ஐ. கண்ணால பார்த்தாலே குத்தம் தெரியற கல்லுக்கு அந்த எழுத்து. கல்லு முதல்லேர்ந்தே இப்படித்தான் இருந்துது.”

“ரெண்டும் ஐயா?”

“ரெண்டும் ஐ.”

மாமி காகிதத்தை மறுபடி பார்த்தாள். விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“நான் இதை வாசிச்சுட்டு சமாதானமாச்சுன்னு சொன்னேனே. நீ பார்த்துண்டுதானே இருந்தே?”

“பார்த்தேன், மாமி.”

“குத்தமுள்ள கல்லுன்னு கேட்டுட்டு ஒருத்தி சிரிக்கறாளேன்னு நோக்குத் தோணலியா?”

“தோணிச்சு.”

“அப்போ ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?”

“கேட்டிருக்கணும். கேக்கலை. என் தப்புதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை இந்த மேசையில் உட்கார்ந்து நான் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சார் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “திங்கக்கிழமை பேசலாம், இசக்கி” என்று மட்டும் சொன்னார்.

மாமி மூக்குத்தியைக் கையில் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “அப்போ ஒம்பதாம் நாள், அவருக்கு ரிசல்ட் வந்தன்னிக்கும், இந்தக் கறுப்பு இதுக்குள்ள இருந்துதா?”

“இருந்துது, மாமி.”

மாமி காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு மூக்குத்தியை எடுத்து மூக்கில் மாட்டித் திருகிக்கொண்டாள். “மதி. கல்லு மாறலியே, அது போறும். கறுப்பு இருந்தா இருந்துட்டுப் போறது.” கதவுப் பக்கம் திரும்பினாள். “பிச்சை, நான் நாக்கைக் கட்டாமப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்கப்படாது. நேக்கு ரொம்ப சங்கடமா இருக்கு.”

பிச்சையண்ணன் கையை மட்டும் கூப்பினார். தங்கதுரை பையிலிருந்து போனை எடுத்தார். குழுவில் தானே பேசிப் போடுவதாகச் சொன்னார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தங்கதுரைக்குக் கோபம் அடங்கவில்லை. பாதியில் போனை இறக்கிவிட்டுப் பிச்சையண்ணனிடம் திரும்பினார்.

“ஏம்ப்பா, நீ ஒண்ணும் பண்ணலைன்னா பின்ன எதுக்கு வைர வேலை வேண்டாம், ஊருக்குப் போறேன்னு வந்து நின்ன? அதுனாலதான நானே உன்னச் சந்தேகப்பட்டேன். வாயத் திறந்து சொன்னா என்ன?”

பிச்சையண்ணன் அவர் பக்கம் திரும்பாமல் என் மேசைக்கு வந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப, அந்தக் கறுப்பு கல்லுல இருக்கு. அப்படித்தான?”

“ஆமா அண்ணே.”

“லென்சு வைக்காமலே தெரியும்?”

“தெரியும்.”

“எல்லாருக்கும்?”

“எல்லாருக்கும் தெரியும், அண்ணே.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் பேசினார், என்னிடம் பேசுகிற மாதிரியும் இல்லை, யாரிடமும் பேசுகிற மாதிரியும் இல்லை.

“கல்லைக் கையில எடுத்ததுமே எனக்குக் கறுப்பு தெரிஞ்சிது. மாமிகிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்க சீட்டக் காட்டினாங்க. கண்ணுக்குத் தெளிவுன்னு வாசிச்சாங்க. கீழ உன் கையெழுத்து. நீ படிச்ச புள்ள, இதே வேலையா பாக்குற புள்ள. நீ தப்பா எழுதுவியா? அப்ப கறுப்பு கல்லுல இல்ல, என் கண்ணுலதான் இருக்குன்னு நெனச்சேன்.”

தலையைக் குனிந்துகொண்டே தொடர்ந்தார்.

“எர்ணாகுளத்துல கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். போர்டுல எழுத்து வாசிக்கச் சொன்னாங்க, கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னாங்க. நான் நம்பல. அவங்களுக்குத் தெரியல போலன்னு வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்தக் கல்ல எடுத்தாலும் பயம். எது கல்லுல இருக்கு, எது என் கண்ணுல இருக்குன்னு எப்படித் தெரியும்? எல்லாம் அடுத்தவங்க கல்லு. ஒடச்சிட்டேன்னா? முதலாளிகிட்ட கண்ணு போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? வீட்டுலகூடச் சொல்லல.”

தங்கதுரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எழுதிய ஓர் எழுத்தை நம்பி, முப்பது வருடம் சோறு போட்ட கண்ணை அந்த மனிதர் சந்தேகப்பட்டிருக்கிறார். திருட்டுப் பேர் அதற்குப் பிறகு வந்ததுதான்.

“மாமி, ஒரு தடவ தாங்க” என்று பிச்சையண்ணன் கேட்டார். மாமி மூக்குத்தியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். நான் லென்ஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஜன்னலுக்குப் போய், மூக்குத்தியை இரண்டு விரலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நடுவுக்கு வலப்பக்கம். கடுகுல கால்வாசி இருக்கும்.”

“ஆமா அண்ணே.”

“அதுலேர்ந்து வால் மாதிரி ஒண்ணு கீழ்ப்பக்கமா நீளுது. முடிய விட மெல்லிசா. சரிதான?”

அந்த வாலை நான் பத்து மடங்கு லென்ஸில்தான் பார்த்திருந்தேன். அதிலும் கல்லை இரண்டு தடவை திருப்பிய பிறகுதான் தெரிந்தது. வெறுங்கண்ணில் எனக்குக் கறுப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். நோட்டில் அந்த வாலை நான் வரையக்கூட இல்லை.

“இருக்கு அண்ணே” என்றேன். “வால் இருக்கு.”

பிச்சையண்ணன் மூக்குத்தியை மாமியிடம் கொடுத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் சத்தமாக அழுதார்.